மிஸ் பண்ணும் மோட்டார் சைக்கிள்: காபரேற்றரைக் கழற்ற முன்பும் கழற்றிய பிறகும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் அந்தக் கட்டுத் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் கையில் இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓடினோம். ஹொண்டா சி.டி. 125, சி.டி. 200, சி. 90, ஸ்பிளெண்டர், பழைய பல்சர் என்று காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டிகள் இன்றைக்கும் ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கின்றன. அவற்றைப் பற்றி அடிக்கடி கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: “ஸ்ராட் ஆகுது அண்ணை, ஆனா வடிவா ஓடுதில்லை.” ஸ்லோவில், அதாவது அக்சிலேற்றரில் கை விட்ட நிலையில், நிற்காது, இடையில் விக்கும் (இதைத்தான் மிஸ் பண்ணுது என்பார்கள்), முறுக்கினால் இழுக்காது, கையை விட்டால் சைலன்சருக்குள் டப் டப் என்று வெடிக்கும்.

இதைக் கேட்டவுடன் திருப்புளியை எடுத்து, காபரேற்றரில் கண்ணில் படுகிற ஸ்குரூ எல்லாவற்றையும் திருகிப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. பழுது வேறிடத்தில் இருந்தால் அது அங்கேயே இருக்கும். சரியாக இருந்த காபரேற்றரும் குழம்பிவிடும். பிறகு எது பழைய பழுது, எது நாங்கள் உண்டாக்கிய பழுது என்று பிரித்துப் பார்ப்பது பெரிய வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் காபரேற்றர் கடைசிக்குக் கிட்டத்தான் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள், ஓடிப் பாருங்கள், பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எப்போது விக்குகிறது என்று முதலில் பாருங்கள்

காபரேற்றருக்குள் ஒரே வழியால் பெற்றோல் போவதில்லை. அக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்கிற பகுதி மாறும். கை விட்ட நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரைக்கும் பைலட் ஜெற்றும் எயார் ஸ்குரூவும் (ஜெற் என்பது பெற்றோல் போகிற நுண்துவாரம் உள்ள சின்னப் பித்தளைத் துண்டு). அதிலிருந்து கால்வாசி வரைக்கும், அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் ஸ்லைட்டின் அடியில் இருக்கும் சரிந்த வெட்டு. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரைக்கும் ஸ்லைட்டில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெற். இந்த எல்லைகள் ஒன்றோடொன்று சாடையாகக் கலக்கும். ஆனாலும் பழுதைத் தேட இது போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு வெள்ளை ரேப் போதும். அக்சிலேற்றர் கைப்பிடியின் விளிம்பில் ரேப்பை ஒட்டி, பூச்சியம், கால், அரை, முக்கால், முழு என்று பேனையால் கோடு போடுங்கள். அசையாத பக்கத்தில் ஒரு கோடு. எஞ்சின் சூடான பிறகு ஓடிக்கொண்டு போய், எந்தக் கோட்டில் விக்குகிறது என்று பாருங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டாம், கோட்டைத்தான் பார்க்க வேண்டும். 40 இல் போனாலும் 60 இல் போனாலும் அதே கோட்டில் விக்கினால் பெற்றோல் பக்கத்தைச் சந்தேகியுங்கள். கோடு எதுவாக இருந்தாலும் எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் விக்குகிறது என்றால், நெருப்புப் பக்கத்தை, அதாவது பொறி தரும் பிளக், வயர், கொயிலை முதலில் பாருங்கள்.

எங்கள் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் எஞ்சினுக்குப் பாரம் கொடுத்துப் பார்ப்பது கடினம். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கள். எதிர்க்காற்றில் அரைவாசிக்கு மேல் திறந்து பிடிக்க வேண்டியிருக்கும். ஊசியும் மெயின் ஜெற்றும் எப்படி இருக்கின்றன என்று அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு அறிகுறி சோக், அதாவது ஆறிய எஞ்சினை ஸ்ராட் பண்ணக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுகிற பிடி. யாழ்ப்பாணத்து வெக்கையில் சூடான எஞ்சினுக்குச் சோக் தேவையே இல்லை. காலையில்கூடச் சில விநாடிகள் போதும். சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பெற்றோல் போதாமல் போகிறது, அல்லது எங்கோ ஒரு வெடிப்பால் காற்று கள்ளமாக நுழைகிறது. மாறாக, சூடாக ஆக மோசமாகி, கரும்புகை தள்ளி, பெற்றோல் மணந்தால் பெற்றோல் கூடிப் போகிறது. சோக் முழுக்கத் திரும்பாமல் பாதியில் இறுகி நிற்பதும் இதற்கு ஒரு காரணம். அதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம்.

பெற்றோல் வருகிறதா, வருவது பெற்றோல்தானா

வேலையைத் தொடங்க முன் ஒரு விஷயம். பெற்றோல் ரியூப்பைக் கழற்றுகிற எந்த வேலையையும் வீட்டுக்குள்ளோ, அடுப்புக்குக் கிட்டவோ, விளக்கு வைத்துக்கொண்டோ செய்ய வேண்டாம். முற்றத்தில், காற்றோட்டமான இடத்தில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து போய்த் தள்ளி இருக்கிற நெருப்பிலும் பற்றும்.

பெற்றோல் ரப்பை மூடி, காபரேற்றருக்கு வரும் ரியூப்பைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, ரப்பைத் திறவுங்கள். தாரையாக விடாமல் ஓட வேண்டும். தொடக்கத்தில் நன்றாக ஓடி, கொஞ்ச நேரத்தில் மெலிந்து போனால் ராங்கி மூடியைத் திறந்து பாருங்கள். திறந்தவுடன் ஓட்டம் திரும்பினால் மூடியில் இருக்கிற காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்து அடித்தால் திரும்ப ஓடுகிற வண்டிக்கு இது முக்கியமான காரணம். துவாரத்தைச் சுத்தம் செய்தால் முடிந்தது, ஒரு சதச் செலவும் இல்லை. மூடியைத் திறந்தும் மெலிவாகவே வந்தால் ரப்புக்குள் இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். துரு வந்து விழுகிறதென்றால் ராங்கிக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்றும், பாதி வெறுமையாக நிற்கிற ராங்கியும் சேர்ந்தால் எங்களுக்குத் துரு நிச்சயம்.

அடுத்தது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு விக்கத் தொடங்கிய வண்டி என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காபரேற்றரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஒரு வடி ஸ்குரூ உண்டு. அதன் கீழே கண்ணாடி கிளாஸைப் பிடித்து ஸ்குரூவைத் தளர்த்துங்கள். வந்ததை ஆடாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு திரளும். கிளாஸைச் சரித்தால் அந்த உருண்டை பெற்றோலோடு கலக்காமல் அடியிலேயே வழுக்கி ஓடும். பழுப்புத் தூள் அடைந்தால் துரு. மஞ்சளித்து, பெயின்ற் மணம் மணந்தால் பழைய பெற்றோல்.

பழைய பெற்றோல் எங்கள் ஊருக்கே உரிய பிரச்சினை. பிள்ளைகள் வெளிநாட்டில், வண்டி விறாந்தையில். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் சீலையை இழுத்துப் போட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். மாதக்கணக்கில் நின்ற பெற்றோலில் இலேசாக ஆவியாகும் பகுதி போய்விடும்; மிச்சம் கிண்ணத்துக்குள் பிசினாகக் காய்ந்து ஜெற்றை அடைக்கும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறையில் கிழமைக்கு 4 லீற்றர் என்று வந்தபோது, கிடைத்ததைக் கானில் சேர்த்து வைத்துப் பிறகு ஊற்றிய வண்டிகளும் இதே மாதிரித்தான் படுத்தன. சந்தேகம் என்றால் முழுவதையும் வடித்துப் புதிதாக அடியுங்கள்.

எஞ்சினுக்குள் எரிவது திரவம் இல்லை, ஆவி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு அடித்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பழைய பெற்றோல் போட்ட வண்டி காலையில் அடம்பிடித்து, சூடான பிறகு ஓரளவு ஓடுவதும் அதே காரணத்தால்தான்.

பிளக் சொல்வதைக் கேளுங்கள்

பிளக்கைக் கழற்ற முன் அதைச் சுற்றி இருக்கிற மண்ணை ஊதி அகற்றுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். ஸ்லோவில் நிறைய நேரம் நின்ற எஞ்சினின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரு ஐந்து கிலோமீற்றர் சீராக ஓடி, உடனே நிற்பாட்டி, ஆறவிட்டுக் கழற்றுங்கள்.

நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரியாகப் படிந்திருந்தால் பெற்றோல் கூட, அல்லது எயார் பில்டர் அடைப்பு. வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு, அதோடு ஓடினால் பிஸ்ரனுக்கு ஆபத்து. பெற்றோலில் நனைந்திருந்தால் நெருப்பு வரவில்லை. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. அதற்குக் காபரேற்றரில் மருந்து இல்லை.

பிளக் இடைவெளி பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு 0.6 இலிருந்து 0.8 மில்லிமீற்றருக்குள் வரும். சரியான அளவை உங்கள் வண்டியின் கைநூலில் பாருங்கள். பிறகு பிளக்கை வயரின் நுனியில் இருக்கும் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், அதற்குள்ளிருந்து பெற்றோல் ஆவி வரும். கையால் பிடிக்கவும் கூடாது. நீலமாக, சட் சட் என்ற சத்தத்தோடு பொறி வந்தால் சரி. செம்மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் பலம் போதாது.

அப்படி வந்தால் கொயிலுக்குக் காசு கொடுக்க முன் தொப்பியைப் பாருங்கள். பெரும்பாலும் தொப்பியைப் பிளக் வயரின் நுனியில் இருந்து திருகிக் கழற்றலாம். உள்ளே பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்றின் வேலை. தீவுப் பக்கமும் வடமராட்சிக் கரையோரமும் ஓடுகிற வண்டிகளில் இது சாதாரணம். வயரின் நுனியில் அரைச் சென்ரிமீற்றரை வெட்டி விட்டுப் புதுச் செம்பில் திரும்பத் திருகுங்கள். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வயரிலிருந்து எஞ்சினுக்கு நீலப் பொறி பாய்ந்தால் கசிவு எங்கே என்று கண்ணாலேயே தெரியும்.

பொயின்ற் (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) உள்ள பழைய ஹொண்டாக்களில் அதையும் பார்க்க வேண்டும். இடைவெளி பொதுவாக 0.3 இலிருந்து 0.4 மில்லிமீற்றர். முகங்கள் கருகியிருந்தால் மெல்லிய அரத்தால் சாடையாகத் தேய்த்து, சுத்தமான கடதாசியை இடையில் வைத்து இழுத்து எடுங்கள்.

சி.டி. 125, சி.டி. 200 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர். ஆறிய எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஒரு நிமிடத்தில் இரண்டு குழாயிலும், எஞ்சினை விட்டு வெளியே வருகிற இடத்தில், ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சுர் என்று பறந்து, மற்றதில் அப்படியே நின்றால், நின்ற பக்கம் வேலை செய்யவில்லை. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது மற்றப் பக்கம் போனால் பிளக்தான். போகாவிட்டால் அந்தப் பக்கத்துத் தொப்பி, வயர், வால்வு என்று தேடுங்கள். இரண்டுக்கும் ஒரே காபரேற்றர் என்பதால் ஒரு பக்கம் மட்டும் படுத்ததற்குக் காபரேற்றரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் வீண்.

காற்று

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டப் பாதைகளின் செம்மண் தூள் மாவாக இருக்கும். பஞ்சு பில்டர் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, சிறிது எஞ்சின் ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள். கடதாசி பில்டரைக் கழுவக் கூடாது. தட்டிப் பார்த்து, முடியாவிட்டால் மாற்றுங்கள். “பில்டரைக் கழற்றிவிட்டால் நல்லா இழுக்கும்” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கலவையும் கெடும், செம்மண் பிஸ்ரனையும் தேய்க்கும்.

கள்ளக் காற்றுத்தான் பலர் தவறவிடுகிற இடம். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் றப்பர் வெயிலில் வெடிக்கும். அதில் இருக்கும் ஓ-றிங் தட்டையாகும். கை விட்டால் ஸ்லோ உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்று ஆறுதலாக இறங்குவது இதன் அடையாளம். எஞ்சினை ஸ்லோவில் விட்டு, ஊசி இல்லாத மருந்து சிறிஞ்சில் தண்ணீர் எடுத்து அந்தப் பொருத்தைச் சுற்றித் துளித்துளியாக விடுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. இதைப் பெற்றோலாலோ காபரேற்றர் ஸ்பிறேயாலோ செய்ய வேண்டாம், சூடான எஞ்சினில் பற்றிக்கொள்ளும்.

சரி, இப்போது காபரேற்றர்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் விக்கினால்தான் இங்கே வர வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். கழற்றக் கழற்றத் தொலைபேசியால் படம் எடுங்கள்.

முதல் வேலை எயார் ஸ்குரூ. அதைக் கழற்ற முன், மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். முட்டியவுடன் நிற்பாட்ட வேண்டும். இறுக்கினால் அதன் கூர்முனை காபரேற்றரின் உடம்பைக் கிழிக்கும், பிறகு அந்தக் காபரேற்றர் ஒருநாளும் ஸ்லோவில் நிற்காது. வெளியே எடுக்கும்போது ஸ்பிறிங், சின்ன வாசர், ஓ-றிங் என்று வரும். ஓ-றிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டி நிற்கும். அதை விட்டுவிட்டு ஸ்பிறே அடித்தால் கரைந்து நாசமாகும்.

கிண்ணத்தைத் திறந்தால் மிதவை தெரியும். அதன் அச்சு ஊசியை உருவி மிதவையைத் தூக்கினால் சின்ன அடைப்பு ஊசி கூடவே வரும். அதன் றப்பர் நுனியில் வளையமாகத் தடம் பதிந்திருந்தால் மாற்ற வேண்டும். பெற்றோல் கிண்ணத்தால் வழிந்து சொட்டுகிற வண்டிகளில் இதுதான் காரணம். அப்படி வழிந்த வண்டி என்றால் எஞ்சின் ஒயிலையும் மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் ஒயிலை மாற்றாமல் ஓடவே வேண்டாம்.

நடுவில் மெயின் ஜெற், பக்கத்தில் ஆழமாகப் பைலட் ஜெற். பித்தளை மெதுவானது, பொருத்தமான அகலத் திருப்புளியால் கழற்றுங்கள். 100 சி.சி. வண்டிகளின் பைலட் ஜெற் துவாரம் 0.4 மில்லிமீற்றருக்கும் குறைவு. வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். புள்ளி மங்கலாகவோ ஒரு பக்கம் சப்பையாகவோ இருந்தால் அடைப்பு. இங்கே தையல் ஊசியையும் இரும்புக் கம்பியையும் நுழைக்கக் கூடாது, துவாரம் பெரிதாகிவிடும். காபரேற்றர் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) துண்டை நுழைத்து எடுங்கள். மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் ஆக மெல்லியதாகக் கேட்டு வாங்கலாம். பிறகு உடம்பில் இருக்கிற ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஸ்பிறே அடித்து, அது மற்றப் பக்கத்தால் வெளியே வருகிறதா என்று பார்த்து, கொம்பிறசர் காற்றால் ஊதுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அந்தத் திரவம் எதிர்பாராத ஓட்டையால் நேரே முகத்துக்கு வரும்.

ஸ்லைட்டில் இருக்கும் ஊசியின் தலையில் பொதுவாக ஐந்து வெட்டுகள், ஒரு கிளிப். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு இறக்கினால் ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ரேப்பில் கால், அரைக் கோடுகளில் விக்கிய வண்டிக்குத்தான் இது, அதுவும் ஒரு வெட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஸ்லைட்டுக்கு மேலே றப்பர்ச் சவ்வு உள்ள காபரேற்றர் என்றால் அந்தச் சவ்வை வெளிச்சத்தில் விரித்து ஊசித் துவாரம் தேடுங்கள். அதில் கிளீனர் படவே கூடாது.

கடையில் விற்கிற மலிவுக் காபரேற்றரைப் பற்றி என் முடிவு தெளிவானது: பழைய அசல் உடம்பு வெடிக்காமல் இருக்கும்வரை அதை வீச வேண்டாம். கஸ்கற், ஓ-றிங், அடைப்பு ஊசி மட்டும் புதிது போடுங்கள். நகல் ஜெற்றில் பொறித்த எண்ணும் உள்ளே இருக்கிற துவாரமும் ஒத்துப்போவது அரிது.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைட்டின் வெட்டு சரியான பக்கம் இறங்கியதா என்று பாருங்கள். எஞ்சினை ஸ்ராட் பண்ண முன் அக்சிலேற்றரை முறுக்கி விடுங்கள்; டக் என்று மூட வேண்டும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் அதையே பாருங்கள். இது சரியாகாமல் வீதிக்கு ஏறவே கூடாது.

ஸ்லோ பிடிப்பது

எயார் ஸ்குரூவை எழுதி வைத்த அளவுக்கே கொண்டு வாருங்கள். எழுத மறந்திருந்தால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். பத்து நிமிடம் ஓடி எஞ்சினைச் சூடாக்கி, ஸ்லைட்டைச் சற்று உயர்த்திப் பிடிக்கிற ஸ்லோ ஸ்குரூவால் சற்றுக் கூட்டி வைத்து, எயார் ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுக்க வேண்டும். சத்தம் ஆக உயர்கிற இடத்தில் நிறுத்தி, ஸ்லோ ஸ்குரூவால் இறக்குங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்றளவில் பெரும்பாலான சிறிய எஞ்சின்கள் நிற்கும். திரும்ப ஒருமுறை இதையே செய்யுங்கள்.

ஸ்குரூ எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் பெற்றோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் பெற்றோல் கூடும். எவ்வளவு திருப்பியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் பைலட் வழி இன்னும் அடைப்பாகவே இருக்கிறது. திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

இன்னும் விக்கினால்

சூடானதும் நின்று, இருபது நிமிடம் ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடினால், நின்ற அந்த நேரத்திலேயே பொறியைப் பாருங்கள். அப்போது பொறி இல்லையென்றால் கொயில், பல்சர் கொயில் (பொறிக்கு நேரம் காட்டுகிற சின்னக் கொயில்) அல்லது சி.டி.ஐ. (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி). பொறி இருந்தால் வால்வு இடைவெளி. இறுகிய வால்வு ஆறியபோது மூடும், சூட்டில் நீண்டு முழுக்க மூடாமல் நிற்கும். முழுக்க ஆறிய எஞ்சினில், பிஸ்ரன் அமுக்க நிலையில் மேலே நிற்கும்போது பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். பல சிறிய ஹொண்டாக்களுக்கு 0.05 மில்லிமீற்றர், மற்றவற்றுக்குக் கைநூலைப் பாருங்கள்.

கிக் அடிக்கும்போது காலுக்கு எதிர்ப்பே தெரியாமல் இறங்கினால் கராஜில் அமுக்கம் அளக்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக வந்தால் பிளக் ஓட்டையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கக் கேளுங்கள். ஏறினால் பிஸ்ரன் றிங், ஏறாவிட்டால் வால்வு. நீலப் புகையும் சேர்ந்து வந்தால் எஞ்சின் திறக்கிற வேலைதான், அதற்கு நம்பிக்கையான மெக்கானிக் வேண்டும். போகும்போது நீங்கள் எழுதி வைத்த தாளையும் கழற்றிய பிளக்கையும் கையோடு கொண்டு போங்கள். அவருக்கு அரைநாள் வேலை மிச்சமாகும்.

வண்டி இனிச் சில மாதம் நிற்கப் போகிறதென்றால், ரப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடி ஸ்குரூவால் மிச்சத்தையும் வடித்து விடுங்கள். ராங்கியை வாய்வரை நிரப்பி வையுங்கள், துருவுக்கு இடம் இருக்காது. திரும்ப எடுக்கும்போது அந்தப் பெற்றோலை வடித்துவிட்டுப் புதிது அடித்து ஓடுங்கள்.